கேட்கத் தெரிந்த கருவி

கரிசல் சீமையில் சுகாதாரத்தைப் பற்றிப் பேசப் புறப்படுகிறவர் முதலில் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் வரையிலும், வடக்கே சாத்தூர் வரையிலும் பரந்து கிடக்கும் அந்தக் கறுப்பு மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. வெயில் அடித்தால் குழந்தையின் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் எல்லாவற்றையும் அது முகம் சுளிக்காமல் விளைவித்துக் கொடுக்கும். மனிதன் குடிக்கத் தண்ணீர் தருவதில் மட்டும் அதற்கு அவ்வளவு தாராளம் போதாது. கிணறு வெட்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை ஊருணியில் தேக்கிவைத்துக்கொண்டு அடுத்த ஐப்பசி வரையில் காலம் தள்ளிய ஊர்கள் இவை. இப்படிப்பட்ட ஊரில் வாத்தியார் வகுப்பில் எழுந்து நின்று, "சாப்பிடுவதற்கு முன்னால் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும்" என்று பாடம் நடத்தினால், பிள்ளைகள் ஒரே குரலாக அதைத் திருப்பிச் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. கேட்கும் வழக்கத்தை நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்தக் 'கேட்பது' என்ற சொல் எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம். ஒருவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்வதும் கேட்பதுதான்; வாயைத் திறந்து சந்தேகத்தை விசாரிப்பதும் கேட்பதுதான். ஒன்று இல்லாவிட்டால் மற்றது நிறைவு பெறுவதில்லை என்றுதானோ என்னவோ, தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. நமது கிராமப் பள்ளிக்கூடங்களுக்குச் சுகாதாரம் கற்பிக்க வந்த கருவிகளின் சரித்திரத்தைப் பார்த்தால், முதல் அர்த்தத்துக்குத்தான் அங்கே இடம் இருந்திருக்கிறது. படம் வந்தது, ரேடியோ வந்தது, டெலிவிஷன் வந்தது. எல்லாம் பேசின, பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். இப்போது செல்போன் வந்திருக்கிறது. இரண்டு அர்த்தத்திலும் கேட்க முடிந்த முதல் கருவி இதுதான். அப்படி இருந்தும் அதைப் பள்ளிக்கூடத்தில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பார்த்தால், பழைய ரேடியோவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டதைப் போலத்தான் இருக்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்றுப் பின்னாலிருந்து பார்க்கலாம்.

சர்க்காரின் சுகாதாரம் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்தபோது அதன் கையில் இருந்தது ஊசி. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்துவிட்டார் என்று தெரிந்தால், பிள்ளைகள் குதிருக்குள்ளும் வைக்கோற்படப்புக்குப் பின்னாலும் போய் ஒளிந்துகொண்ட கதையைக் கரிசல் காட்டுப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெரியம்மை கண்டால் மாரியாத்தாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய தாய்மார்கள் அவர்கள். அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து, "ஆத்தாளுக்கும் ஊசிக்கும் சண்டையில்லை, தாயே" என்று எடுத்துச் சொல்ல அம்மை குத்துகிறவருக்கு நேரம் இருந்ததில்லை. வந்தார், குத்தினார், நோட்டில் எழுதிக்கொண்டார், அடுத்த ஊருக்குப் போனார்.

அந்தப் பெரும் போரின் கடைசிக் கட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1970-களின் நடுவில் வட இந்தியாவில் பெரியம்மை எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் புறப்பட்ட சுகாதார ஊழியர்கள், அம்மை கண்ட குழந்தை ஒன்றின் படத்தை அட்டையில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். சந்தையில் காட்டினார்கள், வீடு வீடாகக் காட்டினார்கள், பள்ளிக்கூடத்திலும் காட்டினார்கள். "இந்த மாதிரி உங்கள் தெருவில் யாருக்காவது இருக்கிறதா?" என்று பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். பெரியவர்கள் மறைத்ததைப் பிள்ளைகள் சொன்னார்கள். 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை; 1977 ஏப்ரலில் அது உறுதி செய்யப்பட்டது. ஊசியோடு கேள்வியும் சேர்ந்துகொண்டபோதுதான் காரியம் முடிந்தது என்பதை நாம் அவ்வளவாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

1956-ஆம் வருஷத்தை நான் இந்தச் சரித்திரத்தில் மிகவும் முக்கியமான வருஷம் என்று கருதுகிறேன். அந்த வருஷத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று நம் கரிசல் மண்ணிலேயே நடந்தது. காமராஜ் முதலமைச்சராக இருந்தபோது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு அளிக்கும் திட்டம் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கப்பட்டது. கல்வி இலாகாவை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், ஜனங்களிடம் நெல்லும் பணமும் பாத்திரமும் சேர்த்து அந்தக் காரியத்துக்கு உயிர் கொடுத்தார். சோறு போடுவது சுகாதாரக் கல்வியா என்று கேட்கலாம். அதைவிடச் சிறந்த சுகாதாரக் கல்வி எனக்குத் தெரியவில்லை. சோறு போடுகிற பள்ளிக்கூடத்தில் தட்டு கழுவ வேண்டும்; தட்டு கழுவத் தண்ணீர் வேண்டும்; தண்ணீரைக் கொண்டுவர யாராவது குடம் எடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் பக்கத்தோடு பக்கமாகக் கிடந்த கை கழுவும் பாடம், சோற்றுப் பானைக்கு முன்னால் வரிசையில் நின்றபோதுதான் கைக்கு வந்தது. பிறகு 1982-ல் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைச் சத்துணவாகப் பெருக்கினார்; 2022-ல் காலை உணவும் சேர்ந்தது.

இரண்டாவது காரியம் புனாவில் நடந்தது. 1956 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையில், அன்றைய பம்பாய் ராஜ்யத்தின் 5 ஜில்லாக்களில் 150 கிராமங்களைப் பொறுக்கி எடுத்து, அகில இந்திய ரேடியோ ஒரு சோதனை நடத்தியது. யுனெஸ்கோ அதற்கு உதவி செய்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஏறக்குறைய 20 பேர் கொண்ட ஒரு சங்கம். வாரத்துக்கு இரண்டு நாள் மாலையில் அரைமணி நேரம் ரேடியோ பேசும். விவசாயம், சுகாதாரம், படிப்பு என்று ஏதாவது ஒரு விஷயம். பேசி முடித்ததும் ரேடியோவை மூடிவிட்டு சங்கத்தார் தங்களுக்குள் விவாதிப்பார்கள். தீராத சந்தேகங்களைக் கடிதமாக எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். நிலையம் அதற்குப் பதில் சொல்லும். இப்படி 20 நிகழ்ச்சிகள். டாட்டா சமூக விஞ்ஞான நிலையத்தார் முன்னும் பின்னும் விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். சங்கம் இருந்த கிராமங்களில் ஜனங்களின் அறிவு நன்றாக உயர்ந்திருந்தது. ரேடியோ மட்டும் இருந்து சங்கம் இல்லாத கிராமங்களிலோ முன்னேற்றம் சொற்பம். பெட்டி ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான். வித்தியாசம் செய்தது, பேச்சு முடிந்த பிறகு மனிதர்கள் பேசிக்கொண்ட அந்த நேரம்.

எட்டயபுரம் சொன்ன பாடம், சொல்லோடு பொருளும் வரவேண்டும் என்பது. புனா சொன்ன பாடம், சொல்லுக்குப் பதில் சொல்ல இடம் வேண்டும் என்பது. இந்த இரண்டு பாடங்களும் ஒரே வருஷத்தில் நம் தேசத்தில் கிடைத்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள்தான் குறைவு.

கரிசல் கிராமங்களுக்கு வந்த ரேடியோ, பஞ்சாயத்து ரேடியோ. ஒரு சிறு கட்டடம், அதன் தலைமேல் வாயைத் திறந்த ஒலிபெருக்கி. சாயங்காலமானால் ஊருக்கே அது பாடும், செய்தி சொல்லும், உரம் போடச் சொல்லும், கொசுவை ஒழிக்கச் சொல்லும். 1963-ல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் ஏற்பட்ட பிறகு அந்தக் குரலில் நம் பக்கத்து வாடையும் சேர்ந்துகொண்டது. ஜனங்கள் அதைக் காதலித்தார்கள் என்றே சொல்லலாம். ஆனால் ஒலிபெருக்கி வாயாகத்தான் இருந்தது, காதாக இருக்கவில்லை. "கொசு வராமல் தண்ணீரை மூடிவையுங்கள்" என்று அது சொன்னால், "மூடிவைக்கத் தண்ணீர் எங்கே?" என்று கேட்கச் சம்சாரிக்கு வழி கிடையாது. திண்ணையில் கேட்பான், திண்ணையோடு போய்விடும்.

அடுத்தது டெலிவிஷன். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரையில் ஒரு வருஷ காலம், அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய செயற்கைக் கோள் ஒன்றைக் கொண்டு 6 ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. சுகாதாரம் அதில் ஒரு முக்கிய பாடம். ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் அது வந்தது, தமிழ்நாட்டுக்கு வரவில்லை. கரிசல் காட்டில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நூற்றுக்கணக்கான வருஷங்களாக இருக்கின்றன. தெலுங்கு நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள அவர்கள் தயார், பெட்டிதான் இல்லை. அதனால் பெரிய நஷ்டம் என்று சொல்வதற்கில்லை. ஒரு வருஷம் முடிந்ததும் செயற்கைக் கோள் தன் வழியே போய்விட்டது. இரவல் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் தவணை முடிந்தால் போய்விடும் என்பது அந்தச் சோதனையின் எழுதப்படாத முடிவு.

பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கரிசல் காட்டுச் சரித்திரம் பொய்யாகிவிடும். மானாவாரி விவசாயம் கைவிட்ட வருஷங்களில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் குடும்பங்களைத் தாங்கியது தீப்பெட்டி ஆபீஸ். தாங்கியதற்கு விலையாகப் பிள்ளைகளின் விரல்களைக் கேட்டது. இருட்டோடு வந்து நிற்கும் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிப்போய், கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பொழுது போனபின் திரும்பிய பிள்ளைகளுக்கு எந்தக் கருவி வந்து சுகாதாரம் சொல்ல முடியும்? மருந்து வாடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சுத்தமான காற்றைப் பற்றிய பாடத்தை எங்கே படிப்பது? 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் சிவகாசி வட்டாரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் வைக்கும் தேசியத் திட்டம் வந்தது. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் கோவில்பட்டிச் சீமை எழுத்தாளரான பூமணி 'கருவேலம் பூக்கள்' என்று திரைப்படமாகவே எடுத்தார். பஸ் நின்று பிள்ளைகள் வகுப்புக்கு வந்து சேர ஒரு தலைமுறை ஆயிற்று. ஆகவே இன்று கரிசல் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அந்த இடம் அவளுக்குச் சும்மா கிடைத்ததல்ல. அவளிடம் நாம் என்ன பேசுகிறோம் என்பது சில்லறை விஷயமும் அல்ல.

இனி செல்போனுக்கு வருவோம். 1995 ஜூலை 31-ந் தேதி, கல்கத்தாவிலிருந்த ஜோதிபாசு டில்லியிலிருந்த மந்திரி சுக்ராமோடு பேசியது இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு. அப்போது கூப்பிட்டவரும் காசு கொடுக்க வேண்டும், கூப்பிடப்பட்டவரும் காசு கொடுக்க வேண்டும். கடன்காரன் கூப்பிட்டாலும் நம் காசு போகும் என்றால் எந்தச் சம்சாரி அதை வாங்குவான்? 2003-ல் வருகிற பேச்சுக்குக் காசில்லை என்று ஆயிற்று. அதற்குப் பிறகுதான் கருவி வரப்புக்கு வந்தது. வந்ததும் நம் ஜனங்கள் அதற்கு ஒரு புதுப் பாஷையைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் 'மிஸ்டு கால்'. ஒரு தரம் மணியடித்தால் "பஸ் ஏறிவிட்டேன்". இரண்டு தரம் அடித்தால் "நீயே கூப்பிடு, என்னிடம் காசில்லை". காசில்லாதவனும் கேட்கலாம் என்று அந்தக் கருவியை வளைத்துக்கொண்ட சாமர்த்தியம் அது.

சுகாதாரத்துக்கு அதை உபயோகிக்கும் முயற்சிகள் பல இடங்களில் நடந்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது பீகாரில் 2012-ல் தொடங்கியது. கிராம சுகாதார ஊழியப் பெண்களிடம் சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையத்தில் கோத்த படச்சீட்டுகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படமும் ஓர் எண்ணும் இருக்கும். கர்ப்பிணியின் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டி, அந்த எண்ணைத் தன் சாதாரண செல்போனில் அழுத்தினால், 'டாக்டர் அனிதா' என்ற கற்பனைப் பெண் டாக்டர் பேசுவாள். மாமியாரும் கேட்பாள், மருமகளும் கேட்பாள். குரல் நின்றதும் ஊழியப் பெண் பேசுவாள். அவளிடம் சந்தேகம் கேட்கலாம். புனாவில் கண்ட உண்மை, 56 வருஷம் கழித்துப் பீகாரில் வேறு உடுப்பில் வந்து நின்றது.

நமது மாகாணத்திலும் காரியங்கள் நடக்காமல் இல்லை. 2013-ன் கடைசியில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை ஏற்பட்டது. 2018-ல் மாணவர்களுக்கென்று 14417 என்ற எண் வந்தது. படிப்பைப் பற்றியும் கேட்கலாம், மனக்கஷ்டத்தையும் சொல்லலாம். அதே வருஷம் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கட்டம் கட்டமாக ஒரு கோலத்தை அச்சடித்தார்கள். செல்போனை அதன்மேல் காட்டினால் பாடம் படமாக ஓடும். உடல் உறுப்புகளும் நோய்க் கிருமிகளும் கண்ணெதிரே அசையும். ஏற்பாடுகள் நல்ல ஏற்பாடுகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளி வளாகத்துக்குள் மாணவர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பதும் நெடுநாளைய விதி. கோலம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி அப்பாவின் சட்டைப்பையில், அப்பா எங்கே வேலைக்குப் போனாரோ அங்கே இருக்கிறது.

செல்போன் நம் பள்ளிக்கூடங்களில் சுகாதாரப் பாடம் நடத்திய முதல் பெரிய சந்தர்ப்பம், துரதிர்ஷ்டவசமாக, பொய்ப் பாடம் நடத்திய சந்தர்ப்பம். 2017 பிப்ரவரி 6-ந் தேதி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டிலும் வேறு சில மாகாணங்களிலும் தொடங்கியது. 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுப் பிள்ளை வரையில், தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கோடிப் பேருக்கு ஊசி போட வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கூடங்களிலேயே போடுவது என்று ஏற்பாடு. ஊசி வந்து சேர்வதற்கு முன்னால் வாட்ஸ்அப் வந்து சேர்ந்துவிட்டது. இந்த ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து, போட விடாதீர்கள் என்று யாரோ பேசிய பேச்சு, பெற்றோர்களின் செல்போனில் மாறி மாறி ஓடியது. தாய்மார்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்கள். "எம் பிள்ளைக்கு வேண்டாம் டீச்சர்" என்று கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. கெடுவை நீட்டி, டாக்டர்களையும் அதிகாரிகளையும் பேசவைத்து, ஒருவாறு பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடித்தார்கள்.

குதிருக்குள் ஒளிந்த பழைய பிள்ளைகளின் கதைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று தாய்மாரை அடக்கியது அறியாமை என்றார்கள். இன்று அவர்கள் படித்தவர்கள். பிள்ளையின் உடம்பில் என்ன ஏற்றுகிறீர்கள் என்று விசாரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு டீச்சரிடம் பதில் இல்லை. அவருக்கு வந்த சுற்றறிக்கையில் தேதியும் எண்ணிக்கையும்தான் இருந்தன. வதந்தியோ அவர்களுடைய பயத்துக்குச் செவி கொடுத்தது. அதுவும் யாரோ முன்பின் அறியாதவர் மூலமாக வரவில்லை. மச்சான் அனுப்பினான், பக்கத்து வீட்டு அக்காள் அனுப்பினாள். தெரிந்தவர் மூலமாக வரும் பொய், தெரியாதவர் மூலமாக வரும் உண்மையை எப்போதும் ஜெயித்துவிடும். செல்போனின் குற்றம் அல்ல அது. கேள்வி பிறந்த இடத்தில் நம்முடைய ஆள் ஒருவரும் இல்லாதது குற்றம்.

மூன்று வருஷம் கழித்து, 2020 மார்ச்சில், எல்லாப் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. யாரைச் செல்போனில் கூப்பிட்டாலும் முதலில் ஓர் இருமல் சத்தம் கேட்கும். பிறகு ஒரு குரல் கை கழுவச் சொல்லும், விலகி நிற்கச் சொல்லும். வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். சரித்திரத்திலேயே அத்தனை கோடிப் பேருக்கு அத்தனை தடவை ஒரே சுகாதாரப் பாடம் நடத்தப்பட்டதில்லை என்று நினைக்கிறேன். பாட்டிக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஆம்புலன்ஸுக்குச் சொல்ல மகனைக் கூப்பிட்டவளும் அந்தப் பாடத்தைக் கேட்டு முடித்த பிறகுதான் மகனோடு பேச முடிந்தது. பஞ்சாயத்து ஒலிபெருக்கி அவளுடைய காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதும் அதற்கு வாய் மட்டும்தான்.

அந்தக் காலத்தில்தான் வேறொன்றும் நடந்தது. எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. பத்தொன்பது மாதங்களுக்கு மேல் பள்ளிக்கூடம் என்பது செல்போன் மட்டும்தான். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் எனக்கு இதைச் சொன்னார். வகுப்புக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருந்தாராம். பாடம் அனுப்பினால் கைகூப்பிய பொம்மை வரும். சந்தேகம் ஒன்றும் வராது. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல், அப்பாக்களும் அம்மாக்களும் வேலையிலிருந்து திரும்பி, செல்போன் பிள்ளைகளின் கைக்குப் போனதும், அவருக்குத் தனியே குரல் செய்திகள் வரத் தொடங்கும். "டீச்சர், எங்க தாத்தாவுக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலான்னு எப்படித் தெரியும்?" "டீச்சர், எனக்குத் தலை சுத்துது, அம்மாகிட்டச் சொன்னா பயப்படும்." ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் செய்தியை அனுப்புவதும் அழிப்பதுமாக இருந்து, மூன்றாம் நாள் தாழ்ந்த குரலில், தனக்கு மாதந்தோறும் வருவது இருபது நாளுக்கு ஒரு தரம் வருகிறது, இது வியாதியா என்று விசாரித்தாளாம்.

"வகுப்பில் நான் அஞ்சு வருஷமா அந்தப் பாடத்தை நடத்தறேன். ஒரு பிள்ளைகூட வாயைத் திறந்ததில்லை" என்றார் அந்த ஆசிரியை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த 53 பேரில் ஒருத்தியாக அந்தப் பெண் ஆகிவிடாமல் இருக்க, அந்தக் கேள்வி கேட்கப்பட்டாக வேண்டும். இருட்டும், தனிமையும், முகம் தெரியாத வசதியும், தெரிந்தவருடைய காதும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் அது வெளியே வந்தது. இதைத்தான் நான் கேட்கத் தெரிந்த கருவி என்கிறேன்.

அந்தக் கருவி யாருடையது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதே கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தாமே பயன்படுத்திக்கொள்ளும் செல்போன் உள்ள பெண்கள் 100-க்கு 54 பேர்தான். தாய்க்கே அந்த நிலை என்றால் மகளுக்கு எப்படி இருக்கும்? அண்ணன் விளையாடி முடித்து, தம்பி படம் பார்த்து முடித்து, சார்ஜ் மிச்சமிருந்தால் அவளுக்கு. அவள் கேட்டது அழியாமல் இருந்தால் அப்பாவின் கண்ணில் படும். ஆகவேதான் அவள் அனுப்புவதும் அழிப்பதுமாக இருந்தாள்.

பள்ளி திறந்த பிறகு என்ன ஆயிற்று? பிள்ளைகளின் கையிலிருந்து செல்போன் வாங்கப்பட்டுவிட்டது, அது நியாயம்தான். கண்ணையும் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்த எந்தப் பெற்றோரும் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். செல்போன் வாத்தியார் கையில் தங்கிற்று. வருகைப் பதிவு, உயரம், எடை, கண் பார்வை என்று விவரங்களையெல்லாம் அதில் ஏற்றச் சொன்னார்கள். இதற்கே பொழுது போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் முறையிட்டார்கள். கருவிக்கு ஒருவழியாகக் கேட்கத் தெரிந்துவிட்டது. ஆனால் கேட்பது மேலதிகாரி, பதில் சொல்வது வாத்தியார். பிள்ளை பழையபடி தராசின் மேல் ஏறி நின்று இறங்குகிறது. விவரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்வை மங்கிய குழந்தையைக் கண்டுபிடித்துக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க அது உதவினால், ஏற்றுகிற சிரமம் தகும். எடையைக் கேட்ட கருவி, "உனக்கு ஏதாவது தொந்தரவு உண்டா அம்மா?" என்றும் கேட்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எல்லாம் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு செல்போன் இருக்கட்டும். அப்பாவுடையதும் அல்ல, வாத்தியாருடையதும் அல்ல, பள்ளிக்கூடத்தினுடையது. வாரத்தில் ஒரு மணி நேரம். பிள்ளைகள் பெயரெழுதாமல் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போட்ட சந்தேகங்களை ஓர் ஆசிரியை படிக்கட்டும். தனக்குத் தெரிந்ததற்கு அவரே பதில் சொல்லட்டும். தெரியாததை 104-க்கோ ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கோ அந்தப் போனிலேயே போட்டு, சத்தமாகப் பேசவைக்கட்டும். பேசி முடித்ததும் போனை மூடிவிட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் பூச்சி மாத்திரையும் எதற்கு என்று அப்போது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். தெரிந்த பிறகு ஜன்னலுக்கு வெளியே எறிய மாட்டார்கள். அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் வதந்தி வந்தால், வீட்டில் அதை மறுத்துப் பேச ஒரு சின்ன வாய் இருக்கும்.

இவ்வளவு மலிவான காரியம் ஏன் நடக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். செல்போனின் விலை ஒரு தடையல்ல. ஒரு மணி நேரமும் தடையல்ல. தடை வேறு. பேசுகிற கருவிக்கு வாங்கும்போது மட்டும்தான் செலவு. கேட்கிற கருவிக்கு அதற்குப் பிறகுதான் செலவே ஆரம்பமாகிறது. கரிசல் காட்டுப் பிள்ளை வாயைத் திறந்தால், பள்ளிக் கக்கூஸில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கும். குழாய்த் தண்ணீர் ஏன் வாரத்துக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்கும். நர்ஸம்மா ஏன் போன மாதம் வரவில்லை என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் எழுந்து போய் ஒரு காரியம் செய்தாக வேண்டும். எட்டயபுரத்தில் சோறு போட்டவர்கள் அந்தச் செலவுக்குப் பயப்படவில்லை. ஊரைக் கூட்டி நெல் கேட்டார்கள், ஊர் கொடுத்தது. இன்றைக்கும் கேட்டால் ஊர் கொடுக்கும். பிள்ளைகளைக் கேட்கவிடுவதற்குத்தான் நாம் இன்னும் துணியவில்லை.